கேடயத்துக்கு முன்னால் வில் எதற்கு?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு தம்பி சில கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பழங்காலத்து வில் கேடயத்தையும் கவசத்தையும் உண்மையிலேயே துளைத்ததா? துளைக்கும் என்றால் அரசர்கள் கவசத்துக்கு ஏன் பணத்தைக் கொட்டினார்கள், துளைக்காது என்றால் வில்லாளிகளுக்கு ஏன் சோறு போட்டார்கள்? புறநானூற்றில் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? கடைசியாக, நம் நாட்டுக் காடுகளில் வில்லைவிட ஊதுகுழல் ஏன் பேர் வாங்கியது?

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உலோகத்தை வளைத்தும் உடைத்தும் சோதிக்கும் வேலையில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிக் புலாவில் வில் பிடிக்கிறேன். இரண்டும் சேர்ந்த ஆள் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கவசத்தை, அது மூடியிருக்கும் இடத்தில், வில் பெரும்பாலும் துளைக்கவில்லை. கேடயத்தில் அம்பு குத்தி நின்றது, சில சமயம் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது, பின்னால் நின்றவனை அதனால் கொன்றது குறைவு. அப்படியிருந்தும் வில் போர்களைத் தீர்மானித்திருக்கிறது. துளைக்குமா துளைக்காதா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த விஷயம் பிடிபடாது.

கணக்கில் இருந்து தொடங்குகிறேன். இப்போது நம் ஊரில் மலாய் நண்பர்கள் நிறையப் பேர் பழகும் கண்ணாடியிழைக் குதிரை வில் 35, 40 பவுண்டு இழுவை (நாணை முழுக்க இழுக்கத் தேவையான விசை) கொண்டது. அதில் இருந்து 25 கிராம் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 48 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 30 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. மறு எல்லையில் இங்கிலாந்தின் போர் வில். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் முழுசாகக் கிடைத்தன. அவற்றின் இழுவை 100 பவுண்டில் இருந்து 180ஐத் தாண்டியும் போகும் என்று கணித்திருக்கிறார்கள். அப்படி ஒரு வில்லில் 80 கிராம் அம்பு நொடிக்கு 55 மீட்டர் போனால் 120 ஜூல் வருகிறது. நம் பயிற்சி வில்லைப் போல் நான்கு மடங்கு. பாரசீகர், பார்த்தியர் (ரோமுக்குக் கிழக்கே ஈரானை ஆண்டவர்கள்), கிரேத்தா தீவினர் வைத்திருந்த வில்கள் இந்த இரண்டு எல்லைக்கும் இடையில் இருந்தவை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மேல் எல்லையில் இருக்கும் அந்த வில்லே என்ன செய்தது என்று பாருங்கள். 2019இல் இங்கிலாந்தில் 160 பவுண்டு வில்லை இழுக்கக்கூடிய ஒருவரை 25 மீட்டரில் நிற்க வைத்து, 1415இல் நடந்த அஜின்கோர்ட் போர்க் காலத்து மார்புக் கவசத்தின் நகலை எய்யச் சொன்னார்கள். ஓர் அம்பும் அந்தத் தகட்டைத் துளைக்கவில்லை. சில அம்புகள் சிதறின, சில வழுக்கி மேலே கழுத்துப் பக்கமும் பக்கவாட்டிலும் பாய்ந்தன. தகட்டுக்கு வெளியே, சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசம் மட்டும் இருந்த இடங்களில் அம்பு உள்ளே போனது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் போர்கள் எல்லாம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

தகட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால், அதைத் துளைக்கத் தேவையான ஆற்றல் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். நேராகப் படாமல் 45 பாகையில் சாய்ந்து பட்டால் இன்னும் நாற்பது சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்புக் கவசத்தை நடுவில் புடைத்தும் ஓரங்களில் சரித்தும் செய்தது அழகுக்கு மட்டும் இல்லை. வேகமும் தூரத்தோடு குறையும். வானத்தைப் பார்த்து எய்தால் கீழே விழும்போது அம்புக்கு வேகம் கூடிவிடும் என்று எங்கள் மைதானத்திலேயே சிலர் சொல்வார்கள். கூடாது. காற்று தடுப்பதால், கிளம்பிய வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில்தான் அது தரையைத் தொடும். இருநூறு மீட்டருக்கு அப்பால் இருந்து வானத்தை மறைத்துக்கொண்டு வரும் அம்பு மழையின் உபயோகம் வேறு. அதற்கு வருகிறேன்.

கேடயம் தகடு மாதிரி இல்லை, அது மரம். கிரேக்கக் காலாள் வீரனின் வட்டக் கேடயம் ஏறக்குறைய 90 செ.மீ. விட்டம், ஆறேழு கிலோ, மேலே வெண்கலத் தகடு ஒட்டியது. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, காப்பது அடியில் இருக்கும் மரம்தான். ரோமானியருடையது இன்னும் சுவாரஸ்யம். சிரியாவில் தூரா யூரோபோஸ் என்ற எல்லைக் கோட்டையைக் கி.பி. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையிட்டு அழித்தார்கள். அங்கே 1930களில் தோண்டியபோது ஒரு நீள்சதுரக் கேடயம் வண்ணம்கூடப் போகாமல் கிடைத்தது. மெல்லிய மரப் பட்டைகளை மூன்று அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருக்கிறார்கள். மொத்தக் கனம் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். இன்று வன்பொருள் கடையில் வாங்கும் பிளைவுட்டேதான். மேலே தோலும் துணியும்.

இந்த ஐந்தாறு மில்லிமீட்டர் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் மைதானத்தில் பரிசோதித்துப் பார்த்தோம். ஆறு மி.மீ. பிளைவுட் பலகையை வைக்கோல் இலக்கின் மேல் சாய்த்து 40 பவுண்டு வில்லால் எய்தால், முனை மறுபக்கம் வந்து சில விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதே பலகையைக் கயிற்றில் தொங்கவிட்டு எய்தால் பலகை பின்னால் ஆடி அடியை வாங்கிக்கொள்கிறது, முனை மிகவும் குறைவாகத்தான் நீட்டுகிறது. பிறகு தைப்பூசத்துக்கு உறுமி அடிக்கும் குழுவில் இருந்து ஒரு தம்பி கொடுத்த பழைய தோலை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டிக் காயவிட்டோம். அதற்குப் பிறகு அம்பு பிடிவாதமாகப் பலகையிலேயே மாட்டிக்கொண்டது. விரிசலும் ஓடவில்லை. பச்சைத் தோலின் அருமை அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. எய்தது போர் வில் இல்லை என்பதால் இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீரன் கேடயத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்காமல் ஏன் ஒரு முழம் முன்னால் தள்ளிப் பிடித்தான் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. முனை அரை சாண் உள்ளே வந்தாலும் அங்கே உடம்பு இல்லை.

உடம்பு இல்லை, கை இருக்கிறது. கி.மு. 53இல் கார்ரே சமவெளியில் கிராஸஸின் ரோமானியப் படை பார்த்தியரிடம் சிக்கியதைப் பிற்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதும்போது, அம்புகள் வீரர்களின் கைகளைக் கேடயத்தோடும் கால்களைத் தரையோடும் சேர்த்துத் தைத்தன என்கிறார். துளைத்துத் தள்ளியது என்று வாதாடுபவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் இடம் இது. அதைக் கவனமாகப் படித்தால் கையும் காலும்தான் வருகின்றன, மார்பு வரவில்லை. ரோமானியனின் வளையக் கவசம் மார்பையும் தோளையும் மூடியது. கேடயத்தைப் பிடித்த கையும், கேடயத்துக்குக் கீழே தெரிந்த காலும் வெறுமையாக இருந்தன.

கார்ரேயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரே வந்தவர்கள் சுமார் பத்தாயிரம் குதிரை வீரர்கள். ரோமானியரிடம் ஏழு லெகியன், அதாவது ஏழு பெரிய காலாட்படைப் பிரிவுகள். அம்பு தீர்ந்ததும் இவர்கள் போய்விடுவார்கள் என்று கிராஸஸ் நம்பிக் காத்திருந்தார். அதுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பார்த்தியத் தளபதி சுரேனா ஒட்டகங்களில் அம்புக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தூணி காலியானவன் பின்னால் போய் நிரப்பிக்கொண்டு திரும்பினான். என்னைக் கேட்டால் அந்தப் போரை வென்றது வில்லைவிட அந்த ஒட்டகங்கள்தான். அன்று முழுக்க அடி வாங்கியும் ரோமானியக் காலாட்படையில் பெரும்பகுதி இரவு வரை அழியவில்லை. நடக்க முடியாத நாலாயிரம் பேரை விட்டுவிட்டு இருட்டில் பின்வாங்கினார்கள். விடப்பட்டவர்களைப் பார்த்தியர் மறுநாள் கொன்றார்கள். இருபதாயிரம் பேர் செத்தார்கள் என்று புளூட்டார்க் தரும் கணக்கில் கணிசமானவர்கள் வரிசை கலைந்த பிறகு, அந்தக் குழப்பத்தில் போனவர்கள். அம்பு கேடயச் சுவரை உடைத்தது என்பதைவிட, தண்ணீரும் தூக்கமும் நம்பிக்கையும் இல்லாத இடத்துக்கு அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனது என்பதே பொருந்தும்.

இதற்கு மறுபக்கம் கி.மு. 36இல் தெரிகிறது. மார்க் அந்தோணி அதே பார்த்தியரிடம் இருந்து பின்வாங்கும்போது முன்வரிசை முழங்காலிட்டுக் கேடயத்தை நிறுத்தியது, பின்வரிசைகள் தலைக்கு மேல் கேடயங்களை ஆமை ஓடு மாதிரி அடுக்கின. அம்புகள் சறுக்கி விழுந்தன. மண்டியிட்டதைப் பார்த்துக் களைத்துப் போனார்கள் என்று நினைத்த பார்த்தியர் வில்லைக் கீழே வைத்துவிட்டு ஈட்டியோடு நெருங்கினார்கள். ரோமானியர் குபீரென்று எழுந்து பாய்ந்தார்கள். கேடயமும் ஒழுங்கும் கூடியிருந்தால் அதே வில் அதே தூரத்தில் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் ஆமை ஓட்டுக்குள் இருப்பவன் நடக்க முடியாது, ஈட்டி எறிய முடியாது, காயம் பட்டவனைத் தூக்க முடியாது. அவனை அங்கேயே நிறுத்தி வைத்ததுகூட வில்லின் வேலைதான்.

கி.மு. 48இல் டிர்ராக்கியத்தில் ஜூலியஸ் சீசரின் சிறு கோட்டை ஒன்றை, ரோமின் உள்நாட்டுப் போரில் அவருக்கு எதிரியான தளபதி பாம்பேயின் படை நாள் முழுக்கத் தாக்கியது. பிறகு உள்ளே பொறுக்கி எண்ணியபோது முப்பதாயிரம் அம்புகள் கிடந்தன என்று சீசர் எழுதுகிறார். ஸ்கேவா என்ற நூற்றுவர் தலைவனின் கேடயத்தில் 120 துளைகள். காயம் படாதவன் ஒருவன்கூட இல்லையாம், ஒரே பிரிவில் நான்கு நூற்றுவர் தலைவர்களுக்குக் கண் போயிற்று. கோட்டை விழவில்லை. சீசருக்குத் தன் ஆட்களைப் புகழ வேண்டிய தேவை இருந்தது, எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். தள்ளுபடி செய்த பிறகும் கண், முகம், கை, கால் என்று கவசம் முடியும் இடத்தில் காயம் தொடங்குவது தெரியும்.

கிரேக்கர்களிடம் போனால் கி.மு. 490இல் மாரத்தான். ஏதென்ஸ்காரர்கள் கடைசித் தூரத்தை ஓட்டமாகக் கடந்து பாரசீக வில்லாளிகள் மேல் விழுந்தார்கள். 192 பேரை இழந்தார்கள், எதிரியின் இழப்பை 6,400 என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 479இல் பிளாட்டேயாவில் ஸ்பார்ட்டர்கள் சகுனம் சரியாக வரும்வரை அம்பு மழைக்குள் உட்கார்ந்தே இருந்தார்கள். கிரேக்கப் படையிலேயே அழகன் என்று பெயரெடுத்த கல்லிக்ரட்டீஸ் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே விலாவில் அம்பு பாய்ந்து விழுந்தான். கை ஓங்காமலே சாகிறேனே என்று வருந்தினானாம். அவ்வளவு காத்திருந்தும் அன்று ஸ்பார்ட்டர் இழந்தது 91 பேர். அதே போரின் தொடக்கத்தில் பாரசீகக் குதிரைப்படைத் தலைவன் மஸிஸ்தியஸின் கதை இன்னும் நன்றாகப் பொருந்தும். சிவப்பு அங்கிக்கு அடியில் தங்கச் செதில் கவசம் போட்டிருந்தான். கிரேக்க அம்பு அவனைத் தொடவில்லை, அவன் குதிரையின் விலாவில் தைத்தது. குதிரை நிமிர்ந்து அவனைத் தள்ளியது. விழுந்தவனைச் சுற்றி நின்று குத்தியும் கவசம் விடவில்லை. கடைசியில் ஒருவன் விஷயத்தைப் புரிந்துகொண்டு கண்ணில் குத்தினான்.

குதிரைக்கும் கவசம் போட்டால் என்ன என்று அப்புறம் யோசித்தார்கள். தூரா யூரோபோஸிலேயே குதிரைக்குப் போர்த்தும் செதில் கவசங்கள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு இரும்பைச் சுமக்கும் குதிரை எவ்வளவு நேரம் ஓடும், அந்த வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அடுத்த கேள்வி. வில்லுக்குப் பயந்து செய்த ஒவ்வொரு காரியமும் இன்னொரு இடத்தில் செலவாக வந்து நிற்கிறது.

கி.மு. 425இல் ஸ்பாக்டீரியாத் தீவில் நடந்ததைக் கிரேக்கர்கள் நம்பவே சிரமப்பட்டார்கள். சாகும்வரை நிற்பவர்கள் என்று பேரெடுத்த ஸ்பார்ட்டர்கள், கரடுமுரடான நிலத்தில், நெருங்கி வராமல் தூரத்தில் இருந்தே அம்பும் கல்லும் எறிவேலும் வீசியவர்களைத் துரத்திப் பிடிக்க முடியாமல் களைத்து, 420 பேரில் 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள். அவர்களுடைய தொப்பிகள் அம்பைத் தடுக்கவில்லை என்று துசிடிடீஸ் குறிப்பிடுகிறார். பிறகு சிறைப்பட்டவன் ஒருவனிடம், செத்தவர்கள்தான் உண்மையான வீரர்களா என்று குத்தலாகக் கேட்டபோது, நல்லவனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த அம்பு இருந்தால் அதற்கு விலையே கிடையாது என்று பதில் சொன்னானாம். கவசம் போட்டவன் வில்லாளியை ஏன் கேவலமாகப் பேசினான் என்பது அந்தப் பதிலில் தெரிகிறது. உள்ளுக்குள் பயம்.

அப்படியானால் வில் கவசத்தைத் துளைத்ததே இல்லையா? துளைத்திருக்கிறது. நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள், இருவருமே களத்தில் இருந்தவர்கள். கி.மு. 401இல் ஜெனஃபன் பத்தாயிரம் கிரேக்கர்களோடு கார்தூகியர் மலை வழியாகப் போனார். அந்த மலைவாசிகளின் வில் ஏறக்குறைய மூன்று முழம், அம்பு இரண்டு முழத்துக்கும் மேல். இடது காலால் வில்லின் அடியை மிதித்துக்கொண்டு இழுப்பார்களாம். லியோனிமஸ் என்ற ஸ்பார்ட்டன் கேடயமும் தோல் அங்கியும் சேர்த்துத் துளைக்கப்பட்டு விலாவில் அடிபட்டு இறந்தான் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த அம்புகள் எவ்வளவு பெரியவை என்றால், கிரேக்கர்கள் அவற்றைப் பொறுக்கி எறிவேலாகப் பயன்படுத்தினார்கள். இன்னொரு சாட்சி அலெக்ஸாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ். இந்தியக் காலாளின் வில், எய்பவனின் உயரம் இருக்கும், தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து இழுப்பார்கள், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றுக் குறைவு, அதற்குக் கேடயமும் நிற்காது மார்புக் கவசமும் நிற்காது என்று அவர் சொன்னதை அர்ரியன் பதிவு செய்திருக்கிறார். அலெக்ஸாண்டரே அதற்கு உடம்பில் சாட்சி வைத்திருந்தார். மல்லோயர் என்ற இந்திய இனத்தாரின் கோட்டைக்குள் தனியாகக் குதித்தபோது ஓர் அம்பு அவருடைய மார்புக் கவசத்தைத் தாண்டி மார்பில் பாய்ந்தது, காயத்தில் இரத்தத்தோடு காற்றும் வந்தது.

இந்த இரண்டு இடத்திலும் கனத்த, நீண்ட அம்பு, கிட்டத்தில் இருந்து. மாட்டிக்கொண்ட கவசமும் கனத்த எஃகுத் தகடு இல்லை. அந்தக் காலத்து லினன் கவசத்தை இலேசாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் கிரீன் பே பல்கலைக்கழகத்தில் பழைய முறையில் நெய்த துணியை அடுக்கி ஒட்டி எய்து பார்த்தபோது, 12 மி.மீ. கனம் இருந்தால் அக்காலத்து அம்புகளைச் சமாளிக்கும் என்று தெரிந்தது. சமாளிக்கும் என்பதற்கும் எப்போதும் காப்பாற்றும் என்பதற்கும் நடுவில்தான் லியோனிமஸ் செத்தான். தவிர, அந்தப் பெரிய வில்லின் பலவீனத்தையும் நாம் மறக்கக் கூடாது. கி.மு. 326இல் போரஸோடு நடந்த ஜீலம் ஆற்றுப் போரில் மழையால் நிலம் சேறாகிக் கிடந்தது. வில்லைத் தரையில் ஊன்ற முடியாமல் இந்திய வில்லாளிகள் தவித்தார்கள் என்கிறார் குர்ட்டியஸ்.

வளையக் கவசத்தின் சாட்சி 1191இல் இருந்து. சிலுவைப் போரில் முஸ்லிம் படைக்குத் தலைமை தாங்கிய சலாஹுத்தீனின் கூடவே இருந்த பஹாவுத்தீன், அர்சூப் நோக்கி நடந்த சிலுவைப் போர்க் காலாட்களைத் தன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். கனமான மெத்தை அங்கியும் அதன் மேல் வளையக் கவசமும் போட்டிருந்தார்கள், முதுகில் பத்து அம்பு வரை குத்திக்கொண்டிருக்க, ஒன்றும் நடக்காததுபோல் நடந்துகொண்டே இருந்தார்கள் என்கிறார். எதிரணி ஆள் ஆச்சரியப்பட்டு எழுதியது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். வளையம் மட்டும் இருந்தால் கூர்முனை வளையத்தைப் பிளந்துகொண்டு போய்விடும். உள்ளே இருக்கும் பஞ்சும் துணியும்தான் மிச்சம் இருக்கும் வேகத்தைத் தின்கிறது.

இனி ஓரி. வன்பரணர் பாட்டில் அந்த அம்பு தொட்ட ஐந்துமே விலங்குகள். யானை விழுகிறது, புலி சாகிறது, மான் உருள்கிறது, பன்றி விழுகிறது, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. யானைத் தோல் தடிமன்தான், ஆனால் கேடயம் இல்லை. பாட்டில் ஒரு கவசமும் இல்லை, ஒரு போர்வீரனும் இல்லை. அது வேட்டைப் பாட்டு, வள்ளல் ஒருவனைப் புகழும் பாட்டு. இதை வைத்துக்கொண்டு தமிழன் வில் ரோமானியக் கேடயத்தைக் கிழித்திருக்கும் என்று இணையத்தில் வாதாடுபவர்கள் பாட்டையும் கெடுக்கிறார்கள், வரலாற்றையும் கெடுக்கிறார்கள். புலவருக்குக் கணக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடித்து, கடைசி உயிரைப் புற்றுக்குள் வைத்திருக்கிறார். யானையைத் தாண்டி வந்த அம்பு அந்த உடும்பைத் தொடும்போது எவ்வளவு வேகம் மிச்சம் என்று கேட்க வைக்கிறார் பாருங்கள், அதுதான் கவிதை.

இந்த மாதிரிப் பெருமை நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டாம் அமென்ஹோதெப், ஓர் உள்ளங்கை கனமுள்ள செப்புக் கட்டிகளைத் தேரில் ஓடிக்கொண்டே எய்து துளைத்ததாகக் கல்லில் வெட்டி வைத்தார். ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டு கழித்து வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் பாதிரியார், வெல்ஷ் வில்லாளிகள் ஓர் உள்ளங்கை கனமுள்ள கருவாலிக் கதவைத் துளைத்ததாகவும், ஓர் அம்பு ஒருவனின் தொடைக் கவசம், தொடை, சேணம் எல்லாம் தாண்டிக் குதிரையைக் கொன்றதாகவும் எழுதினார். இராமன் ஏழு மராமரத்தைத் துளைத்ததும் இந்தக் குடும்பத்துக் கதைதான். கதவை நான் ஓரளவு நம்புவேன், செப்புக் கட்டியை நம்ப மாட்டேன். ஆனால் கர்ணன் கதையைப் பாருங்கள். கவச குண்டலம் இருக்கும்வரை அவனை வெல்ல முடியாது என்று தெரிந்துதானே இந்திரன் பிராமண வேடத்தில் போய் யாசகம் கேட்டான்? அருச்சுனனின் காண்டீவத்தையும் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு, கவசத்தின் முன்னால் வில் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் செங்கம் பக்கத்து நடுகற்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்கள். வில்லோ வாளோ பிடித்து நிற்பார்கள், சிலருடைய உடம்பில் அம்பு தைத்திருக்கும். கவசத்தின் தடம் அவற்றில் பெரும்பாலும் இருக்காது. மாடு பிடிக்கும் சண்டையில், வெற்றுடம்பு வீரனுக்கு எதிராக, 50 பவுண்டு வில்கூடக் கொடுமையான ஆயுதம். உலகத்தில் நடந்த சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். கவசம் பணக்காரனுடைய சங்கதி. ஓர் அரசன் வில்லாளிகளுக்குச் சோறு போடும்போது, எதிர்ப்படையில் முழுக் கவசம் போட்ட முன்வரிசைக்காரனை மட்டும் மனத்தில் வைத்துப் போடவில்லை. அவனுக்குப் பின்னால் அரைகுறையாக மூடிக்கொண்டு நிற்கும் நூறு பேரையும், அவர்கள் மாடுகளையும் குதிரைகளையும் மனத்தில் வைத்துத்தான் போட்டான்.

அம்பு மழைக்கும் இதேதான் விடை. தூரத்தில் இருந்து விழும் அம்பு கொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் கேடயத்தைப் பிடிக்க வைத்தால் போதும். மைதானத்தில் ஏழு கிலோ பொருளைக் கை நீட்டி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று. கேடயத்தில் குத்திய நீண்ட அம்புகள் பக்கத்தில் நிற்பவன் கேடயத்தில் இடிக்கும், ஒடித்துப் போட நேரம் வேண்டும். மேலே பார்த்தால் முகத்தில் படும் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். குனிந்த தலையோடு நிற்பவனுக்குக் குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றி வருவது தெரியாது. கார்ரேயில் சுரேனா செய்தது இதைத்தான்: ஒன்றாகக் கூடி நின்றால் அம்பு, அம்புக்குப் பயந்து விலகி நின்றால் நீண்ட ஈட்டியோடு கவசக் குதிரைகள். வில் தனியாக வேலை செய்யும்போது சுமாரான ஆயுதம், இன்னொன்றோடு ஜோடி சேரும்போது தப்ப வழி இல்லாத ஆயுதம்.

கடைசிக் கேள்வி, நம் நாடு. பார்த்தியரும் துருக்கியரும் வைத்திருந்த வில் மரம், கொம்பு, தசைநார் மூன்றையும் விலங்குப் பசையால் ஒட்டியது. சின்னதாக இருந்தாலும் பெரிய ஆற்றலைச் சேமிக்கும், குதிரை மேல் வசதி. அந்தப் பசைக்கு ஈரம் எமன். பினாங்கில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, மழை இல்லாத நாளிலும் அலமாரிக்குள் தோல் காலணி பூஞ்சை பிடிக்கும் ஊர். இங்கே அந்த வில்லை வைத்துப் பராமரிப்பது நித்திய கண்டம். வடக்குப் பகுதியின் செமாங் பழங்குடி மக்கள் ஒரு காலத்தில் மர வில் வைத்திருந்தார்கள். ஆனால் அடர்ந்த காட்டில் முப்பது மீட்டருக்கு மேல் பார்வை எங்கே போகிறது? மேலே கிளையில் இருக்கும் குரங்கை நோக்கிச் சத்தமில்லாமல் எய்ய, சும்பிட் என்ற ஊதுகுழல் போதும்.

அந்தக் குழலில் இருந்து வரும் ஊசி அம்புக்கு ஆற்றல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தடித்த துணியே அதைக் கெடுத்துவிடும். அதன் பலம் முனையில் தடவிய ஈப்போ மரத்துப் பால், இதயத்தை நிறுத்தும் நஞ்சு. ஈப்போ நகரத்துக்குப் பேர் வந்தது அந்த மரத்தால்தான். 1511இல் அல்புகெர்க்கியின் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்கியபோது, பீரங்கியும் எஃகுக் கவசமும் வைத்திருந்தவர்கள் மேல் நஞ்சு அம்புகள் பாய்ந்தன. நகரம் விழுந்துவிட்டது என்பது தெரிந்த கதை. ஆனால் நஞ்சு அம்பு பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்று போர்த்துக்கீசியப் பதிவுகளே சொல்கின்றன. மார்புத் தகட்டை அந்த ஊசி கீறியிருக்கக்கூட முடியாது. தோல் கிழிந்தால் போதும் என்னும்போது கையோ கன்னமோ காலோ, கவசம் விட்டுவைத்த எந்த இடமும் போதும்.

செந்தூலில் இருந்து உங்களுக்குப் பக்கம்தான் என்பதால் இரண்டு இடம் சொல்கிறேன். தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே ஓராங் அஸ்லி கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது, ஊதுகுழல்களை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். ஏரித் தோட்டப் பக்கம் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் தனிக் கூடம் உண்டு. அங்கே போனால் மார்புப் பகுதியை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அக்குள், கழுத்து ஓரம், முழங்கை மடிப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள்.